பிறத்தியார் பை

"விடுங்க... நான் வச்சுக்கிறேன்" என்றாள் ஹேமமாலி.

அவன் விடவில்லை.

காக்கித் துணிப்பை. ஒரு காது அவள் கையில், இன்னொரு காது அவன் கையில். கொழும்பு ரயில் களுத்துறை தெற்கு ஸ்டேஷனை விட்டு நகர ஆரம்பித்திருந்தது. வெளியே ஜூன் மாதத்து மழை. உள்ளே, நிற்கிறவர்களின் ஈரச் சட்டைகளிலிருந்து கிளம்பும் வெதுவெதுப்பான வாசனை...

அவள் மறுபடி இழுத்தாள். அவன் மறுபடி இழுத்தான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். எட்டு வருஷமாக அந்த வண்டியில் போய்வருகிறாள். பையை வாங்கும்போது ஆளின் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. பார்க்கவேண்டிய அவசியம் வந்ததில்லை. ஒரு கை வரும், கையோடு பை வரும், வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

இந்தக் கைக்குப் பின்னால் இரண்டு கண்கள் இருந்தன. இமையில் மழைத்தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை. ஒன்று மேலே கம்பியில், இன்னொன்று பையில்.

"மெதுவா நங்கி, கிழிஞ்சிடப்போவுது" என்றாள் பக்கத்தில் இருந்த சுமனா அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ஹேமமாலி அவளுக்கு நங்கி, தங்கை மாதிரி. "அந்த ஆளுக்குச் சிங்களம் புரியல போலிருக்கு."

"பார்த்தா நம்ம ஊர் ஆள் மாதிரிதானே இருக்கார்?"

"பார்த்தா நானும்தான் ராணி மாதிரி இருக்கேன்."

ஹேமமாலி இங்கிலீஷுக்கு மாறினாள். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் அவளுக்குத் தட்டச்சு வேலை. பகல் முழுக்க இங்கிலீஷ்தான்.

"நான் திருடி இல்ல. நீங்க நிக்கிறீங்க, நான் உக்காந்திருக்கேன். அதனால பை எங்கிட்ட இருக்கணும்."

"ஏன்?"

இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஏன்னா... நான் உக்காந்திருக்கேன்."

எதிர் இருக்கையில் இருந்த குணபால மாத்தயா செய்தித்தாளை மடித்தார். வங்கியில் தலைமைக் குமாஸ்தா, அதனால் எல்லோருக்கும் 'மாத்தயா', ஐயா. மூன்றாவது பெட்டிக்கும் அவர்தான் தலைமை, யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும்.

"கொடுத்துடுங்க தம்பி" என்றார் இங்கிலீஷில். "இந்த வண்டியில போலீஸ்காரரே பையைக் கொடுத்துட்டுத்தான் நிப்பார்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காதுமடல் சிவந்தது. கை விட்டது. ஹேமமாலி அந்தப் பையை, மடியில் ஏற்கெனவே இருந்த மூன்று பைகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

பாலம் வந்தது. பாலத்துக்கு முன்னால் போதி மரம். பெட்டி முழுக்க உட்கார்ந்திருந்தவர்களும் நின்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்கள். அவளும் கூப்பினாள். மேலே இருந்த பை சரிந்தது. அவன் பாய்ந்து பிடித்தான். ஒரு கணம் அவன் கைகள் இரண்டும் அவள் முழங்காலுக்கு மேலே, பையை ஏந்தியபடி...

"பார்த்தீங்களா?" என்றான். "விழுந்துடுச்சு."

"விழல. நீங்க பிடிச்சீங்க."

கொழும்பு வரும் வரையில் அவன் கடலைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தை ஒட்டி அலை வந்து பாறைகளில் மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள். அவன் பையைப் பார்த்துக்கொண்டே வந்தான். பையையா, பையின் மேல் இருந்த கையையா என்று ஒரு சந்தேகம் அவளுக்கு வந்தது. வந்த சந்தேகத்தை ஜன்னல் வழியே வெளியே அனுப்பிவிட்டாள்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அந்த ஆறு நாற்பது வண்டி இப்போது இல்லை. வேறு வண்டிகள் வந்துவிட்டன, வேகமாகப் போகின்றன. ஆறு நாற்பதுக்கு அளுத்கமையில் காலியாகக் கிளம்பி, ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து, பாணந்துறைக்குள் மூச்சுவிட இடமில்லாமல் போகும் அந்தப் பழைய வண்டிக்கு அவசரமே கிடையாது. ஜன்னல் பலகையை இறக்கினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது. மழை உள்ளே வரும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நனைவதற்கும் சேர்த்துத்தான் மாதச் சீட்டு வாங்கியிருக்கிறோம் என்பது போல உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாளும் அவன் களுத்துறையில் ஏறினான். கூட்டத்துக்குள் நெளிந்து அவர்கள் இருக்கைக்கு அருகே வந்து நின்றான். ஹேமமாலி கையை நீட்டவில்லை. பார்க்கலாமே என்று இருந்தாள்.

பை தானாக வந்தது.

"இன்னிக்கு நான் சண்டை போடப்போறதில்ல" என்றான்.

"சந்தோஷம்."

"உள்ள ஒரு மாம்பழம் இருக்கு. நசுங்காம பாத்துக்குங்க."

"வாடகை ஆகும்."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது கண்கள் முதலில் சிரித்தன, வாய் கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்துகொண்டது. இப்படிச் சிரிக்கிறவர்கள் அதிகம் பேசாதவர்களாக இருப்பார்கள் என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது.

குணபால மாத்தயா விசாரணையைத் தொடங்கினார். "பேரு?"

"இனாசியோ டி சில்வா."

மாத்தயாவின் முகம் மலர்ந்தது. "சில்வாவா? எந்தச் சில்வா? மொரட்டுவைச் சில்வாவா, பலப்பிட்டியச் சில்வாவா?"

"பம்பாய்ச் சில்வா. பூர்வீகம் கோவா."

"அப்படி ஒரு ஊர்ல நமக்குச் சொந்தம் இருக்கிறது இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றாள் சுமனா அக்கா. "என் மாமியார் சில்வாதான். வேணும்னா அனுப்பிவைக்கிறேன், கூட்டிட்டுப் போங்க."

கேள்விகள் நின்றபோது விவரம் முழுவதும் வெளியே வந்திருந்தது. பம்பாயில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை. இங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றிவிட்டுப் பயணக் கட்டுரை எழுதவேண்டும். இராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி வந்திருக்கிறான். களுத்துறையில் ஒரு சின்ன விடுதியில் அறை. விசா அடுத்த வாரச் சனிக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் வண்டி ஏறவேண்டும்.

அடுத்த வாரச் சனிக்கிழமை. ஹேமமாலி மனதுக்குள் விரலை மடித்துப் பார்த்தாள். பதினோரு நாள். எதற்காகக் கணக்குப் பார்த்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இன்றும் முதலில் ஞாபகம் வருவது பேச்சு அல்ல, பேசாமல் இருந்த நேரங்கள்தான். பெரும்பாலும் அவன் நின்றுகொண்டு வெளியே பார்ப்பான். அவள் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்ப்பாள். பாணந்துறைக்கும் மொரட்டுவைக்கும் இடையில் ஒரு வார்த்தை. கல்கிசையில் ஒரு வார்த்தை. நடுவில் மழை... ஜன்னலில் விழுந்த துளி ஒன்று கோணலாக ஓடி இன்னொரு துளியோடு சேர்வதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கவனித்திருக்கிறார்கள் என்பது திரும்பும்போது தெரியும். உடனே இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஒருநாள் அவன் கேட்டான். "யாராவது பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா?"

"இறங்கமாட்டாங்க" என்றார் குணபால மாத்தயா.

"திறந்து பார்த்தா?"

பெட்டியில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பொது இடத்தில் சொல்லக்கூடாத எதையோ அவன் சொல்லிவிட்டதைப் போல.

"தம்பி" என்றார் மாத்தயா கடைசியில். "பதினேழு வருஷமா இந்தப் பெட்டியில வர்றேன். என் பையில ஒருநாள் என் பொண்ணோட கலியாண நகை இருந்துச்சு. நான் கொள்ளுப்பிட்டி வரைக்கும் அங்க கதவுகிட்ட நின்னேன். பை யார் மடியில இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. மடியில இருக்கிற பையை யாரும் திறக்கிறதில்ல. அது பிறத்தியார் பை."

இனாசியோ குறிப்பு எதுவும் எழுதவில்லை. அவளைப் பார்த்தான். அவள் கை தன்னையறியாமல் காக்கிப் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை கடல் கொந்தளித்தது. வெள்ளவத்தை தாண்டியதும் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. உப்புத்தண்ணீர் ஜன்னல் வரை எகிறியது. வழக்கம்போல் ஏழெட்டுப் பேர் கதவு வழியாகக் குதித்து இறங்கினார்கள். காலி நகரத்துக்குப் போகும் பெரிய வீதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது வசதி. ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி நடக்கவேண்டியதில்லை.

அவனும் அவர்கள் பின்னால் குதித்துவிட்டான்.

"ஐயோ, அந்தாளு எங்க போறான்?" என்றாள் சுமனா அக்கா.

வண்டி கெட்டுப்போய்விட்டது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவளும் பையோடு இறங்குவாள் என்று நினைத்திருக்கிறான். மழையில் நனைந்துகொண்டு, முன்னால் போனவர்களைப் பார்த்துத் தானும் தண்டவாளத்தைக் கடந்தான். கடந்து திரும்பியபோது வண்டி நகர்ந்தது. ஹேமமாலி ஜன்னலுக்கு வெளியே பையைத் தூக்கிக் காட்டினாள். அவன் ஓடினான். பத்தடி, இருபதடி... பிறகு நின்றுவிட்டான். நின்று, கையை ஆட்டினான். வழியனுப்புகிறவனைப் போல.

கோட்டையில் அவள் அடுத்த இரண்டு வண்டிகள் வரும்வரை நின்றாள். அவன் வரவில்லை. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். சாயங்கால வண்டியிலும் அவன் இல்லை. காக்கிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அளுத்கமை வரை போனாள். மடி அன்று அசாதாரணமாகக் கனத்தது.

வீட்டில் அம்மா பையைப் பார்த்தாள். "யாருது?"

"வண்டியில ஒருத்தரோடது. விட்டுட்டுப் போயிட்டார்."

"நனையாத இடத்துல வை" என்றாள் அம்மா. அவளுக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வண்டிப் பை என்றால் அந்த வீட்டில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

விலாசம் தெரிந்தால் காலையில் களுத்துறையில் இறங்கி விடுதியிலேயே கொடுத்துவிடலாம். அதற்காகத்தான் திறந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு துண்டு, ஒரு சட்டை, பென்சில்கள், ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்திலேயே விடுதியின் பெயரும் வீதியும் இருந்தன. காரியம் முடிந்தது. மூடி வைத்திருக்கவேண்டும்.

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

*பஸ்ஸில் முன் இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு பிக்கு ஏறினார். அது பிக்குமாருக்கான இடம் என்று அப்போது புரிந்தது. நான் எழுந்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.*

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம்.

*எமன் துரத்துவது போல ஓட்டுகிற டிரைவர், போதி மரத்தருகே நிறுத்துகிறார். நடத்துனர் ஓடிப்போய் உண்டியலில் காசு போட்டுவிட்டு வருகிறார். அந்த அரை நிமிடம் டிரைவரின் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். பிறகு மறுபடி எமன்.*

*இறால் வடை வாங்கினேன். ஏதோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பத்துக்கு நாலு. வடைக்குப் பத்துக்குப் பத்து.*

தான் தினமும் பார்க்கிற பஸ், தான் தினமும் பார்க்கிற வடைக்காரன். ஒரு வெளிநாட்டுக்காரனின் எழுத்தில் அவை எல்லாம் யாரோ துடைத்துவைத்த கண்ணாடி போல இருந்தன. தன் ஊரைத் தானே பார்க்காமல் இத்தனை வருஷம் வந்து போயிருக்கிறோமே என்று இருந்தது. பக்கங்கள் திரும்பின. பதினாலாவது பக்கத்தில் அவள் இருந்தாள்.

*ஜன்னலோரப் பெண் பையை வாங்கிக்கொள்கிறாள். யார் பை, எவன் பை என்று பார்ப்பதில்லை. நான் கொடுத்தாலும் வாங்குவாள், எனக்குப் பின்னால் நிற்கும் தடியன் கொடுத்தாலும் வாங்குவாள். இது பழக்கம். பழக்கத்தை அன்பு என்று எடுத்துக்கொள்ளும் பயணி முட்டாள்.*

விளக்கொளியில் அந்த வரியை அவள் பல தடவை படித்தாள்.

முதலில் கோபம் வந்தது. எத்தனை திமிர்... வந்து பத்து நாள் ஆகவில்லை, என்னை எடை போடுகிறான். பிறகு கோபம் மெல்லக் கீழே இறங்க, அதன் அடியில் வேறொன்று தெரிந்தது. அவன் சொன்னது பொய்யும் அல்ல. எட்டு வருஷம்... எத்தனை பைகளை வாங்கி வைத்திருப்பாள். ஒரு முகமாவது ஞாபகம் இருக்கிறதா? அவள் மூடிவைத்த நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு முகம் ஞாபகம் இருந்தது. ஒன்றே ஒன்று.

அதை அவனிடம் சொல்லவேண்டுமானால், திறந்து படித்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

புதன்கிழமை காலையில் அவள் விடுதிக்குப் போகவில்லை. அவன் களுத்துறையில் ஏறியதும் பையைக் குணபால மாத்தயாவிடம் கொடுத்து, அவனிடம் தரச் சொன்னாள். பார்வை மட்டும் கடலில்.

"நேத்து ஸ்டேஷன் ஸ்டேஷனாத் தேடினேன்" என்றான் இனாசியோ. "உங்களுக்கு ரொம்பச் சிரமம்."

"சிரமம் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் செய்றதுதான்."

அவன் குரல் தாழ்ந்தது. "நீங்க... திறந்து பார்த்தீங்களா?"

பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. கம்பளி பின்னிக்கொண்டிருந்த சுமனா அக்காவின் கை நின்றது. குணபால மாத்தயா செய்தித்தாளை இறக்கினார்.

"இந்தப் பெட்டியில யாரும் யாரோட பையையும் திறக்கிறதில்ல" என்றாள் ஹேமமாலி.

அவன் முகத்தில் நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னால் லேசாக ஓர் ஏமாற்றமும் வந்து மறைந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

வியாழக்கிழமை மழை இல்லை. பேச்சும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு தடித்த உறையோடு வந்தான். கட்டுரை முடிந்துவிட்டது, இன்றைக்குப் பெரிய தபாலாபீஸில் சேர்க்கப்போகிறான், நாளைக்குக் கிளம்புகிறான். "கடைசிப் பத்தி உங்களைப் பத்தினது. அனுப்பறதுக்கு முன்னால நீங்க எல்லாரும் கேக்கணும்."

"வாசிங்க வாசிங்க" என்றார் குணபால மாத்தயா. "புரியாதவங்களுக்கு நான் சொல்றேன்."

வண்டி வாதுவையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்புக்கு மேலே மறுபடி கருமேகம் கூடியிருந்தது. அவன் நின்றபடியே வாசித்தான். மாத்தயா வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னார். தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னார்.

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இவர் பை நம்ம நங்கிகிட்ட இருந்துச்சாம். உள்ள இவர் மனசுல இருந்ததெல்லாம் எழுதிவச்ச நோட்டு இருந்துச்சாம். பம்பாய்ல அவங்க அண்ணன்கிட்ட விட்டுட்டுப் போனாக்கூடத் திறந்து பார்த்திருப்பாராம். நங்கி திறக்கல. ஒரு நாட்டைத் தெரிஞ்சுக்க அதோட கோட்டை கொத்தளத்தைப் பார்க்கவேணாம், அதோட ரயில்ல யாரோ ஒருத்தர் மடியில உங்க பையை வச்சுப் பாருங்கன்னு எழுதியிருக்கார்." மாத்தயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம மூணாவது பெட்டி பம்பாய்ப் பத்திரிகையில வருது."

யாரோ கை தட்டினார்கள். நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் ஹேமமாலியைப் பார்த்துத் தலையசைத்தார். சுமனா அக்கா அவள் தொடையில் தட்டினாள். "பாரு, உன்னால எங்களுக்கெல்லாம் பெருமை."

ஹேமமாலியின் மடியில் அன்று ஐந்து பைகள் இருந்தன.

சும்மா இருந்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. நாளை அவன் கிளம்பிவிடுவான். பம்பாயில் யார் யாரோ அந்தப் பத்தியைப் படிப்பார்கள். அதில் வருகிறவள் நல்லவளாக இருப்பாள். அவனும் அந்த நல்லவளை நினைத்துக்கொண்டிருப்பான். அவளுக்கு இவளுடைய பெயர் இருக்கும். ஆனால் இவள் இல்லை...

"அது உண்மை இல்ல" என்றாள்.

குணபால மாத்தயாவுக்குப் புரியவில்லை. "எது?"

"நான் திறந்தேன். நோட்டை எடுத்துப் படிச்சேன்."

"விலாசம் பாக்கத் திறந்திருப்ப. அது வேற" என்றாள் சுமனா அக்கா அவசரமாக.

"விலாசம் முதல் பக்கத்துலயே இருந்துச்சுக்கா. நான் பதினாலு பக்கம் படிச்சேன். புதன்கிழமை கேட்டப்போ பொய் சொன்னேன்." பிறகு அதையே இங்கிலீஷில், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

அவள் வாழ்க்கையில் பாணந்துறை வர அத்தனை நேரம் ஆனதில்லை. வண்டி நின்றபோது கிழவர் குனிந்து, "என் பையைக் கொடும்மா" என்றார். அவர் இறங்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு ஒரு பெண் கை நீட்டினாள். பிறகு இன்னொருவர். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மொரட்டுவை வருவதற்குள் ஐந்து பைகளும் போய்விட்டன.

காலி மடியில் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

சுமனா அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். குணபால மாத்தயா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கோட்டை வரும்வரை அதே பக்கம்தான். இனாசியோ உறையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

கோட்டையில் மழை கொட்டியது. பிளாட்பாரத்துக் கூரையிலிருந்து தண்ணீர் திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு தூணருகே ஒதுங்கி நின்றாள். அவனும் வந்து நின்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்.

கூட்டம் வடிந்தது.

"ஏன் சொன்னீங்க?" என்றான் கடைசியில். "சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இத்தனை பேருக்கு முன்னால..."

"நீங்க ஒருத்தியைக் கூட்டிட்டுப் போகப்போறீங்க, உங்க ஊருக்கு. காகிதத்துல. அது நானா இருக்கணும்னு நெனச்சேன். பொய் சொன்னவளா இருந்தாலும் பரவாயில்ல."

அவன் தலை குனிந்தது. மழை சத்தமாகப் பெய்தது.

"பதினாலாவது பக்கம் படிச்சீங்க இல்லையா?"

"படிச்சேன்."

"கோவம் வந்துச்சா?"

"முட்டாள்னு எழுதியிருந்தீங்களே."

"அது என்னைச் சொன்னது." அவன் ஈரமான முடியைக் கையால் பின்னுக்குத் தள்ளினான். "காலைல ஆறு மணியிலேர்ந்து களுத்துறைப் பிளாட்பாரத்துல நிப்பேன். உங்க வண்டி ஏழு மணிக்குத்தான் வரும்னு தெரியும். கொழும்புல எனக்கு வேலை மூணு நாள்லயே முடிஞ்சுபோச்சு. அப்புறமும் தினம் ஏறினேன். நீங்க கையை நீட்டுவீங்க. எல்லாருக்கும் நீட்டுற மாதிரியேதான் நீட்டுவீங்க. அன்னிக்கு ராத்திரி என்னை நானே திட்டிக்கிட்டு எழுதினது அது. நீங்க படிக்கலைன்னு நெனச்சப்போ நிம்மதியா இருந்துச்சு... கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு."

"பாத்தேன்."

"எதை?"

"நிம்மதிய. வருத்தத்த. ரெண்டையும்."

பக்கத்துப் பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கி, குடை விரித்து, போனார்கள். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பத்திய என்ன செய்யப்போறீங்க?" என்றாள்.

"திருப்பி எழுதணும். நடந்ததை நடந்தபடி எழுதினா நீங்க வருத்தப்படுவீங்களா?"

"எழுதுங்க. குணபால மாத்தயா ஒரு மாசம் எங்கிட்ட பேசமாட்டார். சுமனா அக்காவால திங்கக்கிழமை வரைக்கும்கூடப் பேசாம இருக்க முடியாது. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வருவாங்க. நான் அங்கதான் உக்காந்திருப்பேன்."

அவன் எதையோ சொல்ல வந்தான். சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அவளுக்கு அந்தத் தயக்கம் தெரிந்தது. நாளைக்குப் போகிறவன், எந்த உரிமையில் சொல்வது என்று தயங்குகிறான். பேசாமல் இருப்பதில் அவர்கள் இருவருமே கெட்டிக்காரர்கள். இப்படியே நின்றால் மழை விட்டுவிடும். மழை விட்டால் அவள் அலுவலகத்துக்குப் போகவேண்டும், அவன் தபாலாபீஸுக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது.

"திரும்ப வருவீங்களா?" என்று கேட்டாள்.

"விசா கிடைக்கணும். பத்திரிகையில விடணும். அம்மா வேற தனியா இருக்காங்க..." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "வரணும்னுதான் இருக்கு. எழுதறதுக்காக இல்ல."

"தெரியுது."

"வர்றேன்னு சொல்லிட்டு வரமுடியாமப் போனா? அந்தப் பயம்தான்."

ஹேமமாலி புடவைத் தலைப்பை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். எட்டு வருஷமாகக் கப்பல்கள் வருவதையும் போவதையும் தட்டச்சு செய்திருக்கிறாள். ஒன்றிலும் ஏறியதில்லை. தன் ரயிலில்கூட அவள் கோட்டையைத் தாண்டிப் போனதில்லை.

"நீங்க வரமுடியலைன்னா நான் வர்றேன்" என்றாள்.

அவன் நம்பாதவனைப் போலப் பார்த்தான். "பம்பாய்க்கா? நீங்களா? எதுக்கு?"

அவள் மழைக்குள் ஓரடி வைத்தாள். பிறகு திரும்பி, நேராக அவன் கண்களைப் பார்த்தாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். "அதுக்குத்தான்."